மாக் 5-ல் பறக்கும் ஏவுகணை ஏன் உருகிவிடுவதில்லை?

ஏரோநாட்டிகல் படிக்கும் ஒரு மாணவர் கேட்ட கேள்வி இது: "தேக்க வெப்பநிலைக்கான சூத்திரத்தில் மாக் 5 என்று போட்டால் ஆயிரம் டிகிரிக்கு மேல் வருகிறது. அலுமினியம் 660 டிகிரியிலேயே உருகிவிடும். அப்படியிருக்க, ஏவுகணையின் உடலை எந்தத் துணிவில் வடிவமைக்கிறார்கள்? எந்த இடம் எவ்வளவு சூடாகும் என்று பறப்பதற்கு முன்பே எப்படிக் கணிக்கிறார்கள்?"

உங்கள் கணக்கு சரி. பதினோரு கிலோமீட்டர் உயரத்தில் வெளிக்காற்று மைனஸ் 56.5 டிகிரி, அதாவது ஏறக்குறைய 217 கெல்வின். மாக் எண் என்பது ஒலியின் வேகத்தைப்போல் எத்தனை மடங்கு என்பது; அதன் வர்க்கத்தில் ஐந்தில் ஒரு பங்கை ஒன்றோடு கூட்டி, அதால் இந்த 217-ஐப் பெருக்க வேண்டும். மாக் 2-க்கு 117 டிகிரி செல்சியஸ் வரும். மாக் 3-க்கு 333, மாக் 5-க்கு 1027. ஆனால் இந்தத் தேக்க வெப்பநிலை காற்றினுடையது. அந்த வேகத்தில் வரும் காற்றை ஓர் இடத்தில் முழுசாக நிறுத்தினால் காற்று அவ்வளவு சூடாகும். சைக்கிள் பம்பை வேகமாக அடிக்கும்போது அடிக்குழாய் சுடுகிறதே, அதன் பெரிய வடிவம் இது. தகடு அந்தச் சூட்டை எட்டுமா, எட்டினால் எத்தனை வினாடியில் என்பதெல்லாம் தனிக் கேள்விகள்.

முதல் திருத்தம், காற்று முழுசாக நிற்பது மூக்கின் நுனியில் மட்டும்தான். உடலின் பக்கவாட்டில் அது உரசிக்கொண்டு ஓடுகிறது. தகட்டை ஒட்டிய மெல்லிய எல்லைப்படலத்துக்குள் வேகம் படிப்படியாகக் குறைந்து, தகட்டின் மேல் பூச்சியமாகிறது. அப்படிக் குறையும்போது பிறக்கும் வெப்பத்தில் ஒரு பகுதி வெளிப்பக்கமாகக் கசிந்துவிடும். மிச்சம் நிற்பதை மீட்பு வெப்பநிலை என்கிறோம். வேகத்தால் வரவேண்டிய வெப்பநிலை உயர்வில் காற்று அடுக்கடுக்காக வழுக்கி ஓடும் சீரோட்டத்தில் சுமார் 84 சதவீதமும், சுழன்று கலந்து ஓடும் கொந்தளிப்போட்டத்தில் 89 சதவீதமும்தான் கிடைக்கும். மாக் 3-ல் 333 டிகிரி என்று இருந்தது பக்கத் தகட்டுக்கு 290 ஆகிறது. பெரிய ஆறுதல் இல்லை.

உண்மையான ஆறுதல் நேரத்தில் இருக்கிறது. கனமான இரும்புத் தோசைக்கல்லை அடுப்பில் வைத்தால் தண்ணீர் தெளித்ததும் சுர்ரென்று ஆவியாகும் நிலைக்கு வர சில நிமிடம் பிடிக்கும். மெல்லிய அலுமினியச் சட்டி அதே அடுப்பில் சீக்கிரமே காய்ந்துவிடும். ஏவுகணையின் மேல்தகட்டுக்கும் இதே கதைதான். கணிப்பு என்று நாங்கள் சொல்வது ஒற்றை வெப்பநிலையை அல்ல, ஒவ்வொரு இடத்துக்கும் நேரத்தோடு ஏறி இறங்கும் ஒரு கோட்டை. இது பிடிபட்டால் பாதி வேலை முடிந்தது.

எண்ணோடு பார்க்கலாம். பதினோரு கிலோமீட்டர் உயரம், மாக் 3, மூக்கிலிருந்து ஒரு மீட்டர் பின்னால் ஓர் இடம், 3 மில்லிமீட்டர் அலுமினியத் தகடு, தொடக்கத்தில் 27 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். எக்கர்ட் என்ற வெப்பவியல் அறிஞர் 1950-களில் பரவலாக்கிய ஒரு குறுக்குவழி இருக்கிறது. எல்லைப்படலத்துக்குள் வெப்பநிலை இடத்துக்கு இடம் மாறுவதால் அடர்த்தி, பாகுநிலை எல்லாமே மாறும். அதையெல்லாம் நுணுக்கமாகத் தீர்ப்பதற்குப் பதில், இடைப்பட்ட ஒரு குறிப்பு வெப்பநிலையைத் தேர்ந்தெடுத்து, அதில் காற்றின் பண்புகளைக் கணித்து, வழக்கமான தட்டைத்தகட்டுச் சூத்திரத்தில் போட்டுவிடலாம். குறிப்பு வெப்பநிலை என்பது தகட்டு வெப்பநிலையில் பாதி, வெளிக்காற்றின் வெப்பநிலையில் 0.28 பங்கு, மீட்பு வெப்பநிலையில் 0.22 பங்கு, இம்மூன்றின் கூட்டல். நம் எடுத்துக்காட்டில் அது 335 கெல்வின். கொந்தளிப்போட்டம் என்று எடுத்தால் வெப்பக் கடத்து எண் சதுர மீட்டருக்கு, ஒரு டிகிரி வேறுபாட்டுக்கு, சுமார் 310 வாட். தொடக்கத்தில் தகட்டுக்கும் மீட்பு வெப்பநிலைக்கும் இடையே 264 டிகிரி வேறுபாடு. ஆகவே தகட்டுக்குள் பாயும் வெப்பம் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 82 கிலோவாட்.

இனி தகட்டின் பக்கம். 3 மில்லிமீட்டர் அலுமினியத்தின் ஒரு சதுர மீட்டரை ஒரு டிகிரி ஏற்ற சுமார் 7300 ஜூல் வேண்டும். வகுத்துப் பாருங்கள், முதல் வினாடிகளில் வினாடிக்கு 11 டிகிரி ஏறும். அப்புறம் தகடு சூடாகச் சூடாக வேறுபாடு சுருங்கி, ஏற்றமும் மந்தமாகும். 20 வினாடி முடிவில் 178 டிகிரி, ஒரு நிமிடத்தில் 270. தகட்டை 6 மில்லிமீட்டராக்கினால் அதே 20 வினாடியில் 119-தான். 3 மில்லிமீட்டர் எஃகு என்றால் 142. 20 வினாடியில் வேலையை முடிக்கும் ஏவுகணைக்கும் ஐந்து நிமிடம் பறக்கும் ஏவுகணைக்கும் ஒரே வேகத்தில் வேறு வேறு உலோகம் ஏன் என்பதற்குப் பதில் இந்த நாலு எண்களில் இருக்கிறது. வழக்கமான விமான அலுமினியக் கலவைகள் 150 டிகிரியைத் தாண்டி நீண்ட நேரம் இருந்தால் வலிமையை இழக்கத் தொடங்கும். உருகுநிலையான 660 வரை போகவே வேண்டாம். "உருகுமா" என்று கேட்டீர்கள். வடிவமைப்பவர் கேட்பது "வலிமை எப்போது பாதியாகும்" என்பது.

உயரத்தையும் விட்டுவிடக் கூடாது. இதே மாக் 3-ஐக் கடல் மட்டத்தில் போட்டுப் பார்த்தேன். காற்றின் அடர்த்தி மூன்று மடங்குக்கு மேல், காற்றும் 15 டிகிரி. மீட்பு வெப்பநிலை 476 டிகிரிக்கு ஏறுகிறது. பாயும் வெப்பம் 82 கிலோவாட்டிலிருந்து 460-க்கு மேல் போய்விடுகிறது, ஐந்து மடங்குக்கும் அதிகம். தாழப் பறக்கும் அதிவேக ஏவுகணை ஏன் இவ்வளவு கடினம் என்று கேட்பவர்களுக்கு முதலில் இந்த ஒப்பீட்டைத்தான் காட்டுவேன்.

மேலே "கொந்தளிப்போட்டம் என்று எடுத்தால்" என்று சொல்லிவிட்டுக் கடந்தேன். அந்த ஒரு சொல்லில் பத்து மடங்கு ஒளிந்திருக்கிறது. அதே இடத்தில் ஓட்டம் சீராக இருந்தால் வெப்பக் கடத்தல் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்காகிவிடும். சீரோட்டம் எந்தப் புள்ளியில் கொந்தளிப்பாக மாறுகிறது என்பதை இன்றுவரை முழு நம்பிக்கையோடு கணிக்க முடிவதில்லை. மேற்பரப்பின் சொரசொரப்பு, ஒரு திருகின் தலை, தகட்டின் வெப்பநிலை, ஏவுகணை எந்தக் கோணத்தில் சாய்ந்திருக்கிறது, எல்லாமே அதைப் பாதிக்கும். அதனால் வலிமைக் கணக்குக்கு முழு உடலிலும் கொந்தளிப்பு என்றே எடுத்துக்கொள்வது வழக்கம். எடை கூடும்தான். ஆனாலும் அந்த எடைக்கு அர்த்தம் இருக்கிறது என்பது என் கருத்து. சீரோட்டத்தை நம்பித் தகட்டை மெலியவைத்த வடிவமைப்பை நான் ஏற்கமாட்டேன்.

மூக்குக்கு வருவோம். நுனியில் பாயும் வெப்பம் ஏறக்குறைய வேகத்தின் முப்படிக்கும் அடர்த்தியின் வர்க்கமூலத்துக்கும் ஏற்ப ஏறும், மூக்கின் வளைவு ஆரத்தின் வர்க்கமூலத்துக்கு எதிராக இறங்கும். வேகம் இரட்டித்தால் வெப்பம் எட்டு மடங்கு. ஆரத்தை நாலு மடங்காக்கினால் வெப்பம் பாதி. ஊசிபோல் கூர்மையான மூக்குதான் நல்லது என்று எல்லாரும் நினைத்திருந்த காலத்தில், 1950-களின் தொடக்கத்தில், அமெரிக்காவின் ஏம்ஸ் ஆய்வகத்தில் ஹார்வி ஜூலியன் ஆலன் அதைத் தலைகீழாக்கினார். மொண்ணையான மூக்கு தனக்கு முன்னால் வலுவான அதிர்ச்சி அலையை, அதாவது காற்று திடீரென அமுங்கும் ஒரு மெல்லிய முகப்பை, உண்டாக்கி, வெப்பத்தில் பெரும்பகுதியைக் காற்றிலேயே விட்டுவிடும் என்று காட்டினார். வளிமண்டலத்துக்குள் திரும்பி நுழையும் கலங்கள் மொண்ணையாக இருப்பதற்கு அதுதான் வேர். ஆனால் வளிமண்டலத்துக்குள்ளேயே நெடுந்தூரம் பறக்க வேண்டிய ஏவுகணைக்கு மொண்ணை மூக்கின் இழுவிசை கட்டுப்படியாகாது. அங்கே ஆரத்தைச் சில மில்லிமீட்டர்களுக்குள் பேரம் பேசித்தான் முடிவு செய்கிறார்கள்.

வேகம் இன்னும் கூடும்போது இரண்டு விஷயம் சேர்ந்துகொள்ளும். ஒன்று, காற்று எளிய வாயுவாக நடந்துகொள்வதை நிறுத்திவிடும். மூலக்கூறுகள் அதிரத் தொடங்கும், இரண்டாயிரம் கெல்வினைத் தாண்டிப் போகப்போக ஆக்சிஜன் மூலக்கூறுகள் பிளக்கும், அதற்கெல்லாம் ஆற்றல் செலவாகும். ஆகவே நீங்கள் போட்ட சூத்திரம் அங்கே உண்மையைவிட அதிகம் காட்டும். இரண்டு, தகடே கதிர்வீசி வெப்பத்தைத் திருப்பித் தரத் தொடங்கும். 300 கெல்வினில் கருமையான தகடு சதுர மீட்டருக்கு அரைக் கிலோவாட்டுக்கும் குறைவாகத்தான் வீசும். 1000 கெல்வினில் அது 45 கிலோவாட். வெப்பநிலையின் நாலாம் படி என்பதால் இப்படி. மாக் 3 கணக்கில் கதிர்வீச்சை விட்டுவிட்டாலும் பாதகமில்லை. மாக் 6-ல் விட்டால் தவறான உலோகத்தைத் தேர்ந்தெடுப்பீர்கள்.

சரி, வெப்பநிலை தெரிந்துவிட்டது. கட்டமைப்புக்காரருக்கு வேலை இங்கேதான் ஆரம்பிக்கிறது. குளிர்ந்த கண்ணாடித் தம்ளரில் கொதிக்கும் வெந்நீரை ஊற்றினால் விரிசல் விடுகிறது. வெந்நீரின் சூடு கண்ணாடியை ஒன்றும் செய்யாது, உள்பக்கத்துக்கும் வெளிப்பக்கத்துக்கும் உள்ள வேறுபாடுதான் உடைக்கிறது. ஏவுகணையில் மேல்தகடு வெளியில், அதைத் தாங்கும் வளையமும் விலாச்சட்டமும் உள்ளே. தகடு 178 டிகிரிக்கு ஏறும்போது உள்ளே இருக்கும் வளையம் ஐம்பது அறுபதிலேயே நிற்கலாம். தகடு நீளப் பார்க்கும், வளையம் விடாது. அலுமினியத்தில் முழுசாகத் தடுக்கப்பட்ட ஒவ்வொரு 100 டிகிரி வேறுபாட்டுக்கும் சுமார் 160 மெகாபாஸ்கல் அமுக்கத் தகைவு (ஓர் அலகுப் பரப்பில் விழும் விசை) பிறக்கும். எஃகில் 240. டைட்டானியத்தில் 95-தான், சூடான வடிவமைப்புகளில் அதை விரும்புவதற்கு இதுவும் ஒரு காரணம்.

160 மெகாபாஸ்கல் அலுமினியத்தை நசுக்காது. ஆனால் நெளிய வைத்துவிடும். 3 மில்லிமீட்டர் தடிமனும் இரண்டு சட்டங்களுக்கு நடுவே 150 மில்லிமீட்டர் அகலமும் உள்ள ஒரு தகட்டுப் பலகையை எடுத்துக்கொண்டால், அது நெளியத் தொடங்கும் தகைவு சுமார் 100 மெகாபாஸ்கல். அதாவது வெளிச்சுமை எதுவும் இல்லாமலே, 63 டிகிரி வேறுபாட்டில் பலகை புடைத்துக்கொள்ளும். புடைத்த தகடு காற்றோட்டத்துக்குள் தலைநீட்டும், புடைப்பின் முன்பக்கம் கூடுதலாகச் சூடாகும், சூடாக ஆக மேலும் புடைக்கும். ஒரு கணக்கின் விடை இன்னொரு கணக்கின் கேள்வியை மாற்றிவிடுகிறது.

ஏவுகணைக்கே உரிய ஓர் இடத்தையும் காட்ட வேண்டும்: மூக்கில் ரேடார் அலைகளை உள்ளே விடும் ரேடோம். அது உலோகமாக இருக்க முடியாது, ஆகவே உருக்கிய சிலிக்கா போன்ற பீங்கான். 300 மில்லிமீட்டர் விட்டமுள்ள எஃகு வளையம் 200 டிகிரி ஏறினால் அதன் விட்டம் 0.7 மில்லிமீட்டர் கூடும். அதே சூட்டில் சிலிக்கா 0.03 மில்லிமீட்டர்தான் விரியும். இரண்டையும் நேராக இறுக்கிப் பூட்டினால் பீங்கானின் அடிவிளிம்பு தெறித்துவிடும். அதனால் இடையில் வெப்பம் தாங்கும் ரப்பர் போன்ற ஒட்டுப்படலம், குறைவாக விரியும் கலவை உலோக வளையம் என்று ஏதாவது வைத்துச் சமாளிக்கிறார்கள். முழு ஏவுகணையிலும் எனக்கு மிகவும் கவலை தரும் இடத்தைக் கேட்டால், இந்தச் சில மில்லிமீட்டர் அகல இணைப்பைத்தான் சொல்வேன்.

இந்தக் கணிப்புகள் நிஜத்தில் எவ்வளவு பலித்தன? ஏவுகணைகளின் அளவீடுகள் பெரும்பாலும் வெளியே வருவதில்லை. ஆனால் அதே வேகத்தில் பறந்து, எல்லாத் தரவையும் உலகுக்குத் தந்த ஒன்று இருக்கிறது: அமெரிக்காவின் எக்ஸ்-15 ராக்கெட் விமானம். 1959 முதல் 1968 வரை மூன்று விமானங்கள், 199 பறப்புகள். மேல்தகடு இன்கோனல் எக்ஸ் என்ற நிக்கல் கலவை, சுமார் 650 டிகிரி வரை தாங்குமாறு வடிவமைக்கப்பட்டது. தோசைக்கல் போல வெப்பத்தை உள்வாங்கிக்கொண்டு, பறப்பு முடியும்வரை தாக்குப்பிடிப்பதே அதன் திட்டம். அகலமான பரப்புகளில் அளந்த வெப்பம் அன்றைய சூத்திரங்கள் சொன்னதைவிடக் குறைவாகவே இருந்தது. சூத்திரம் பாதுகாப்பான பக்கம்தான் தவறியது.

இடர் வந்ததெல்லாம் ஓரங்களிலும் இடுக்குகளிலும். இறக்கையின் முன்விளிம்பில் உலோகம் விரிவதற்காக இடைவெளிகள் விட்டிருந்தார்கள், நல்ல எண்ணத்தில். அந்த இடைவெளிகள் ஓட்டத்தைக் குலைத்து, ஒவ்வொன்றின் பின்னாலும் கொந்தளிப்பு ஆப்பு வடிவில் விரிந்து, அங்கே மட்டும் தகடு சூடேறி நெளிந்தது. இடைவெளிகளின் மேல் மெல்லிய மூடித்தகடு போட்டுச் சரிசெய்தார்கள். 1961 நவம்பர் 9-ல் ராபர்ட் வைட் முதல்முறையாக மாக் 6-ஐத் தாண்டியபோது முன்கண்ணாடியின் வெளிப்பலகை ஒன்று சிதறி விரிசல் கண்டது. கண்ணாடியைப் பிடித்திருந்த சட்டம் சூட்டில் நெளிந்ததே காரணம். கண்ணாடி வகையையும் சட்டத்தின் உலோகத்தையும் மாற்றினார்கள்.

1964 ஆகஸ்ட் 14-ல் நடந்தது இன்னும் படிப்பினையானது. ராபர்ட் ரஷ்வொர்த் மாக் 5-ஐத் தாண்டி வேகம் குறைந்து வரும்போது, மாக் 4.2-ல் மூக்குச் சக்கரம் தானாக வெளியே வந்துவிட்டது. அவர் ஓட்டிய விமானம் அதற்கு முன் ஒரு விபத்தில் சிக்கியிருந்தது; அதைப் புதுப்பித்தபோது உடலை நீளமாக்கியிருந்தார்கள். சூட்டில் உடல் நீண்டது, சக்கரத்தை விடுவிக்கும் கேபிளில் அதற்கேற்ற தளர்ச்சி இல்லை. விமானி கையை வைக்காமலே உடலின் விரிவு கேபிளை இழுத்துவிட்டது. டயர்கள் கருகியும் அவர் பத்திரமாக இறங்கினார். இதில் எந்தத் தகடும் தன் எல்லையைத் தாண்டவில்லை என்பதைக் கவனியுங்கள். வெப்பநிலை சரி, தகைவு சரி. உள்ளே போகும் ஒரு கம்பியின் நீளம் மட்டும் யாருடைய கணக்கிலும் இல்லை.

பிறகு 1967 அக்டோபர் 3. பீட் நைட் அதே விமானத்தை மாக் 6.7-க்கு, மணிக்கு 7,274 கிலோமீட்டர் வேகத்துக்குக் கொண்டுபோனார். இந்த வேகத்துக்கு இன்கோனல் மட்டும் போதாது என்று விமானம் முழுவதும் கருகி உதிரும் காப்புப்பூச்சு பூசியிருந்தார்கள். வயிற்றடித் துடுப்பின் கீழே, சோதனைக்காக ஒரு மாதிரி ராம்ஜெட் (வேகத்தால் உள்ளே திணியும் காற்றைக் கொண்டே இயங்கும் எஞ்சின் வகை) தொங்கியது. அந்த ராம்ஜெட்டிலிருந்து கிளம்பிய அதிர்ச்சி அலைகள் துடுப்பின் மேல் மோதின. மோதிய இடத்தில் பூச்சு அரித்துப்போய், உள்ளிருந்த இன்கோனலும் உருகி ஓட்டைகள் விழுந்தன. ராம்ஜெட் கழன்று விழுந்துவிட்டது. நைட் உயிரோடு இறங்கினார், ஆனால் அந்த விமானம் மறுபடி பறக்கவே இல்லை. ஓர் அதிர்ச்சி அலை இன்னொன்றோடு குறுக்கிடும்போது ஒரு குறுகிய பட்டையில் வெப்பம் பல மடங்காகும் என்பதை அடுத்த ஆண்டே, 1968-ல், சுவீடனில் பாரி எட்னி ஆறு வகைகளாகப் பிரித்து விளக்கினார். இன்றும் அந்த வகைப்பாட்டைத்தான் பயன்படுத்துகிறோம். ஏவுகணையில் ஃபின்கள், அதாவது துடுப்புகள், உடலோடு சேரும் அடிப்பகுதி, மூக்கின் அதிர்ச்சி அலை ஃபின்னின் விளிம்பைத் தொடும் இடம், கட்டுப்பாட்டு ஃபின்னின் அச்சு நுழையும் சின்ன இடைவெளி எல்லாமே இதே குடும்பம்.

ஆகவே வேலை நடக்கும் வரிசை இப்படி. முதலில் நான் மேலே போட்டது போன்ற கைக்கணக்கை, பறப்புப் பாதை முழுவதற்கும், வினாடிக்கு வினாடி, விரிதாளில் ஓட்டுவார்கள். உடலின் தொண்ணூறு சதவீதப் பரப்புக்கு இதுவே தகட்டுத் தடிமனைச் சொல்லிவிடும். பிறகு சந்தேகத்துக்குரிய இடங்களுக்கு மட்டும் கணினியில் காற்றோட்டத்தைத் தீர்த்து, அங்கே வரும் வெப்பத்தைக் கட்டமைப்பு மாதிரிக்குள் செலுத்துவார்கள். அப்புறம் நிஜப் பாகத்தை எடுத்து, குவார்ட்ஸ் விளக்குகளின் வரிசைக்கு முன்னால் வைத்து, பறப்பின் அதே நேரக்கோட்டில் சூடேற்றி, கூடவே சுமையையும் ஏற்றுவார்கள். மூக்கு போன்ற கடும் சூட்டு இடங்களுக்கு, மின்வில்லால் காற்றைச் சூடாக்கிப் பாய்ச்சும் மின்வில் காற்றுச் சுரங்கம். ஒவ்வொரு கட்டத்திலும் வெப்பத்தின் மேல் ஒரு பாதுகாப்புப் பெருக்கெண் இருக்கும். அலை குறுக்கிடும் இடங்களில் அது பெரிதாக இருக்க வேண்டும், வெறும் பக்கத்தகட்டில் அவ்வளவு தேவையில்லை. எல்லா இடத்துக்கும் ஒரே பெருக்கெண்ணைப் போடுவது எடையை வீணாக்கும், அதோடு ஆபத்தான இடத்தில் போதாமலும் போகும். இந்தப் பழக்கத்தை மாணவர்களிடம் அடிக்கடி பார்க்கிறேன், அதனால் அழுத்திச் சொல்கிறேன்.

நீங்கள் செய்து பார்க்க ஒரு பயிற்சி. மேலே கொடுத்த 3 மில்லிமீட்டர் தகட்டை எடுத்து, மாக் 1-லிருந்து மாக் 4-க்குப் பத்து வினாடியில் வேகமெடுத்து, பிறகு ஒரு நிமிடத்தில் மெதுவாக மாக் 2-க்கு இறங்கும் பறப்புக்கு வெப்பநிலைக் கோட்டை வரையுங்கள். உச்ச வேகத்துக்கும் உச்ச வெப்பநிலைக்கும் நடுவே எத்தனை வினாடி தள்ளிப்போகிறது என்று பாருங்கள். அடுத்து, தகட்டோடு பின்னால் ஒட்டியிருக்கும் 10 மில்லிமீட்டர் தடிமனான வளையத்துக்கும் இன்னொரு கோடு போடுங்கள். இரண்டு கோடுகளுக்கும் நடுவே இடைவெளி மிக அதிகமாக இருக்கும் நொடி எது என்று குறித்துக்கொள்ளுங்கள். தகடு நெளிவதாக இருந்தால் அந்த நொடியில்தான் நெளியும்.